அடைப்புக்குறிக்குள் அறுபத்திரண்டு

செய்தித்தாளில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வருகிற வயதை யாரும் கவனிப்பதில்லை, சம்பந்தப்பட்டவரைத் தவிர. அவர் வேறு எதையும் கவனிப்பதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்ததற்கு மறுநாள் இதைக் கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் ஒரு நாளிதழில் பயிற்சி நிருபர். வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். ஊருக்கெல்லாம் செல்போன் வந்துவிட்டது, என் சம்பளத்துக்கு மட்டும் வரவில்லை. அதற்கு முன் வந்த இரண்டு வரன்கள் "பொண்ணு பேப்பர்ல நைட் டூட்டி பாக்குதாமே" என்ற ஒரே வரியில் முடிந்துபோயிருந்தன. மூன்றாவது வரன் மறைமலை நகரிலிருந்து. அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "அவங்க இருக்கற வரைக்கும் பேப்பர்ங்கற பேச்சையே எடுக்காதே."

அதே ஞாயிற்றுக்கிழமை மாலைதான், தெருவுக்கு ஒரு டிவி இருந்த காலத்தில் எல்லோரும் பார்த்த விண்வெளித் தொடர் ஒன்று மறுபிறவி எடுத்தது. புது ராக்கெட், புது ரோபோ. கேப்டன் மட்டும் அதே பழைய நடிகர். எங்கள் செய்தி ஆசிரியர் உத்தரவு போட்டிருந்தார்: "முதல் பாகம் முடிஞ்சதும் மூணு பேர் கருத்து வேணும். பேர், வயசு, ஊர். எட்டு மணிக்குள்ள போன்ல சொல்லிடு."

நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் மாட்டி, தொடரின் தலைப்பு இசை ஒலிக்கும்போது உள்ளே நுழைந்தார்கள். அம்மா டிவியை அணைக்க ஓடினாள்.

"இருக்கட்டும்மா, அணைக்காதீங்க!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா தணிகாசலம். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கன்னங்கரிய தலைமுடி. "இதுக்கோசரம் அந்தக் காலத்துல ஷிப்டே மாத்திகினு ஓடியாந்தவன் நான்."

நான் காபித் தட்டோடு வந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை குமரன் மட்டும் நிமிர்ந்து பார்த்து, தட்டை வாங்கி, அப்பாவுக்கு டிவி மறைக்காதபடி குனிந்துகொண்டே எல்லோருக்கும் கொடுத்தான். (பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளை காபி கொடுத்து நான் கேள்விப்பட்டதே இல்லை.) அந்த நிமிடமே இந்த வரன் தவறக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

விளம்பர இடைவேளைகளில்தான் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சரோஜா ஒவ்வொரு இடைவேளையிலும் என் வயதைக் கேட்டார். மூன்று முறையும் ஒரே வயதைச் சொன்னேன்.

தொடர் முடிந்தபோது மணி ஏழரை. இன்னும் ஒருவர் கருத்தும் என் கையில் இல்லை. இவர்கள் கிளம்புவதாகவும் தெரியவில்லை. அம்மாவைப் பார்க்காமல் கேட்டுவிட்டேன்: "தொடர் எப்படி இருந்துச்சு சார்? எங்க பேப்பருக்குக் கேக்கறேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பேர் வருமா?" என்றார் தணிகாசலம்.

"வரும் சார்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பல்லாம் கதவை மூடுனா ராக்கெட்டு சுவரே ஆடும். ஆனா பயமா கீது. இப்ப சுவர் ஆடல, பயமும் இல்ல. இன்னாத்துக்கு ராக்கெட்டு?"

"ரோபோ நல்லா இருக்கு" என்றான் குமரன். (இன்றுவரை அவன் விமர்சனங்கள் அந்த நீளம்தான்.)

சரோஜா கடைசியாகப் பேசினார்: "அந்தாளுக்கு வயசாயிடுச்சும்மா. தலைக்கு டை அடிச்சா எளமை திரும்பிடுமா? வயசானவங்களை எதுக்கு மறுபடி ராக்கெட்ல ஏத்தணும்?"

தணிகாசலம் இருமினார். பஜ்ஜியில் காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்து மூலையில் இருந்த தொலைபேசியில் அலுவலகத்தை அழைத்தேன். கருத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். தங்கள் வார்த்தைகள் அச்சுக்குப் போவதைக் கேட்க அத்தனை பேரும் மூச்சை அடக்கியிருந்தார்கள். மறுமுனையில் செய்தி ஆசிரியர் கேட்டார்: "வயசு?"

குமரனின் வயது ஜாதகத்திலேயே இருந்தது. மற்ற இருவர்? வருங்கால மாமியாரைப் பார்த்து, இத்தனை பேர் நடுவில், உங்களுக்கு என்ன வயது என்று கேட்பதா? ஆனால் ஆளைப் பார்த்து வயது சொல்வதில் எனக்கு அலுவலகத்தில் பெயர் உண்டு. ஓரக்கண்ணால் அளந்தேன். தணிகாசலத்துக்குக் கறுப்பு முடி. சரோஜாவுக்கு நரை, தடித்த கண்ணாடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிற விதம். கையால் வாயை மூடி ரிசீவருக்குள் கிசுகிசுத்தேன்.

"போய் கலந்து பேசிட்டு சொல்றோம்" என்று கிளம்பினார்கள்.

காலையில் பேப்பர் வந்தது.

"தணிகாசலம் (55), மறைமலை நகர்." அதற்குக் கீழே, "வயசானவங்களை எதுக்கு மறுபடி ராக்கெட்ல ஏத்தணும்? - இவரது மனைவி சரோஜா (62)."

அம்மா பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். துக்க வீட்டில் உட்காருவது போல இருந்தது. இட்லி ஆறிப்போனது. மணி அடித்ததும் ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டாள்.

"யாருக்கும்மா அறுபத்திரெண்டு?" சரோஜாதான். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "எனக்கு அம்பத்தொண்ணு. அவருக்குத்தான் அம்பத்தொம்பது. அந்த டை டப்பாவே நான்தான் வாங்கியாறேன். காலையிலேருந்து பக்கத்து வூட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து, உங்களவிடப் பெரிய பொண்ணையா கட்டினீங்கன்னு அவரைக் கேக்கறாங்க. அவரு சிரிச்சிகினு ஒக்காந்திருக்காரு."

"மன்னிச்சிடுங்கம்மா. கேக்க பயமா இருந்துச்சு."

"எழுத மட்டும் பயமா இல்லியா? உன் வயசை நான் மூணு வாட்டி கேட்டேன். நீ ஒரு வாட்டி கேட்டா இன்னா?"

அம்மாவின் மடியில் இருந்த பேப்பரைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

"பேப்பர்ல திருத்தம் வரட்டும். அப்புறம் மத்ததைப் பேசலாம்."

அலுவலகத்துக்கு ஓடினேன். செய்தி ஆசிரியர் முதலில் சிரித்தார். "வயசுக்கெல்லாம் யாரும்மா திருத்தம் போடுவா?"

"சார், கல்யாணம் சார்."

என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். மறுநாள் எட்டாம் பக்கத்தில் இரண்டு வரி வந்தது: 'சரோஜாவின் வயது 51; அவரது கணவரின் வயது 59. தவறுக்கு வருந்துகிறோம்.' முதல் நாள் கவனிக்காமல் விட்ட மறைமலை நகர்வாசிகளும் இப்போது கவனித்தார்கள். சிரிப்பது சரோஜாவின் முறையாயிற்று. அன்று மாலையே சம்மதம் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தத் தொடர் சில வாரங்களில் நின்றுபோனது. என் மாமியாரின் விமர்சனம் நிற்கவில்லை. ரேஷன் கடையோ வங்கியோ, யாராவது வயதைக் கேட்டால் என் பக்கம் திரும்புவார்: "பொறந்த வயசா, என் மருமக போட்ட வயசா?"

பிறகு அவருக்கு நிஜமாகவே அறுபத்திரண்டு பிறந்தது. அன்று விடிந்ததும் போன் வந்தது. வாழ்த்துச் சொல்லக்கூட இடம் தரவில்லை.

"இன்னிக்குப் போடும்மா. இப்ப கரெக்டா இருக்கும். அவருக்கு மட்டும் அதே அம்பத்தஞ்சையே போட்டுடு. இப்பதான் தலைக்கு டை பூசிகினு ஒக்காந்திருக்காரு."