குடோன் அண்ணாச்சி வீட்டில் வைத்த சாமான்

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் எங்கள் தறித்தெருவில் பிறந்த அத்தனை பிள்ளைகளும், பிறப்பதற்கு முன்பே குடோன் அண்ணாச்சி வீட்டில் குடியிருந்தவர்கள்தான். நீங்கள் இரண்டு பேரும் அதில் சேர்த்தி. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், பிள்ளைகளா. சிரிக்க வைப்பதற்காகத்தான் அவரும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஓட்டர் லிஸ்ட் எழுத வந்தவர் கேட்டபோது தெருவில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அவர் மனைவிக்கு, அதாவது எங்கள் மதினிக்குத் தெரியும், ஆனால் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார். வந்தவர் வெயிலில் நின்று பார்த்துவிட்டு, ‘குடோன்’ என்றே எழுதிக்கொண்டு போய்விட்டதாக ஒரு பேச்சு உண்டு.

பருத்திக் குடோனில் அவருக்குக் காவல் வேலை. திருவேங்கடம் பக்கத்துக் கரிசலிலிருந்து பருத்தி வண்டி வண்டியாக அங்கே வந்து இறங்கும். அதனால்தான் அந்தப் பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்வதற்கு முன் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில், பிறக்கப் போகும் பிள்ளைக்கென்று எதையும் முன்கூட்டி வீட்டில் சேர்த்து வைக்க மாட்டார்கள். சட்டை தைக்கக் கூடாது. தொட்டில் கட்டக் கூடாது. சேர்த்து வைத்தால் கண்பட்டுவிடும், பொல்லாப்பு தேடி வந்துவிடும் என்று பயம். ஆனால் வலி வந்துவிட்டால் எல்லாமே உடனே வேண்டும். பச்சைப் பிள்ளையைப் போர்த்த பழைய மெல்லிய வேட்டித்துணி வேண்டும், பெற்றவளுக்குப் பேறுகால மருந்து வேண்டும், தொட்டிலுக்குச் சேலை வேண்டும். ஒரு மழை நாளில் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குத் திடீரென்று வலி எடுத்து, அவள் புருஷன் பழைய துணிக்காக வீடு வீடாக நனைந்துகொண்டே ஓடினான். அதைப் பார்த்த அண்ணாச்சி மறுநாளே டீக்கடை வாசலில் நின்று அறிவித்துவிட்டார்.

“ஏலே, இனி எவனும் இப்படி ஓடக் கூடாது. பேறுகாலச் சாமானையெல்லாம் எங்க வீட்டுல கொண்டாந்து வைங்க. கல்யாணம் ஆயி இத்தன வருசமாச்சி, பிள்ளைக்கு நம்ம வீட்டு அட்ரஸே தெரியல. பிள்ளைக்கே தெரியாத அட்ரஸ் பொல்லாப்புக்கு மட்டும் எப்படில தெரியும்?”

எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு யோசித்துப் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளை இல்லாதவர்களை வளைகாப்புக்குக் கூப்பிடக்கூடத் தயங்குகிற தெரு, அந்த வாரமே மூட்டையும் முடிச்சுமாக அவர் வீட்டு வாசலில் போய் நின்றது. அன்றைக்கு அவர் இரண்டாவது தடவையாகக் குடோன் ஆனார்.

இதில் ஒரே ஒரு சங்கடம் அவர் குரல். வாலிபத்தில் தறி ஓட்டியவர். தறிக்கூடத்துச் சத்தத்தில் கத்தினால்தான் பேச்சு. காது மந்தமானதும் வேலையை விட்டாரே தவிர, கத்துவதை விடவில்லை. அவர் ரகசியம் பேசினால், பஸ் ஸ்டாண்டில் வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்காக நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

“மூச்சு விடாதீய! ஒங்க வீட்டுத் தொட்டில்சேலை பத்திரமா பரண்மேல இருக்கு! யாருக்கும் தெரியாது!” என்று நடுத்தெருவில் நின்று சொல்வார்.

“இப்ப தெரிஞ்சிட்டு அண்ணாச்சி” என்பார் டீக்கடைக்காரர்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரும்போது வழியில் யாரும் கேட்காமலே, “பருத்திக் கழிவு, பருத்திக் கழிவு” என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவார். மேலே இருந்து எவனாவது கவனித்தால் ஏமாந்து போகட்டும் என்று. பேங்க்கில் வேலை பார்த்த ஒருவர் மரத்தில் பெரிய ஆடுதொட்டில் வாங்கிவிட்டார். அதையும் இவர் வீட்டில்தான் இறக்கினார்கள். அது உள்ளே போனதும் வீட்டில் மனிதர்கள் நிற்க இடமில்லை. அந்தப் பிள்ளை பிறக்கும்வரை அண்ணாச்சியும் மதினியும் வாசற்படியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

மருந்துக் கதையைச் சொல்லாமல் விட்டால் என்னைத் தெருக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். பெரியவளே, உன்னை உங்கள் அம்மா கோமதி வயிற்றில் வைத்திருந்த நேரம். கோமதியின் அம்மா வீடும் அதே தெருதான். அவள் அம்மா, என் அத்தை, சுக்கும் மிளகும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்டு மருந்து கிளறி, ஒரு சட்டி நிறைய அண்ணாச்சி வீட்டில் கொண்டு வைத்தார்கள். கெட்டுப்போய்விடக் கூடாதே என்று அண்ணாச்சி தினமும் ஒரு விரல் எடுத்து ருசி பார்த்திருக்கிறார். நான் போய்க் கேட்டபோது மதினி வெறும் சட்டியைக் கொண்டுவந்து காட்டினார்.

“ருசி பாத்தாராம். பாத்துப் பாத்து, கழுவி வைக்கிற வேலைய மட்டும் எனக்கு வச்சிருக்காரு.”

சேதி டீக்கடைக்கு வந்துவிட்டது.

“அண்ணாச்சி, பேறுகால மருந்து சாப்பிட்டியளாமே. எத்தனாவது மாசம்?” என்றார் கடைக்காரர்.

அண்ணாச்சி ஒட்டின வயிற்றைத் தடவிக்கொண்டு, “ஏழு முடிஞ்சிட்டு வே. ஆசைக்கு ஒரு மாங்காதான் கிடைக்க மாட்டேங்கு” என்றார்.

பெஞ்சில் இருந்தவர்களுக்குப் புரை ஏறியது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். தண்ணீர்க் குடத்தோடு தெருவில் வந்துகொண்டிருந்த மதினி மட்டும் சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

மதினி அதிகம் பேச மாட்டார். அண்ணாச்சி வாயால் குடோன் நடத்தினார் என்றால், கையால் நடத்தியவர் மதினி. ஒவ்வொரு வீட்டுத் துணியையும் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, பூச்சி அரிக்காமல் இருக்க நொச்சி இலை வைத்து மடிப்பார். எந்த முடிச்சு எந்த வீட்டுடையது என்று முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தது என்று ஆள் வந்தால், முடிச்சை அவிழ்த்து ஒரு தடவை சரிபார்த்து, மறுபடியும் கட்டிக் கொடுப்பார். கொடுத்த பிறகு, அது இருந்த இடத்தைத் துணியால் துடைப்பார்.

இப்படியே இருந்தது காலம். ஒரு நாள் காலையில் டீக்கடையில் அண்ணாச்சி மெதுவாகப் பேசினார்.

“ஒரு டீ” என்றார். கடைக்காரருக்குக் கேட்கவே இல்லை. மறுபடியும் அதே மாதிரி, “ஒரு டீ.”

கடைக்காரர் பயந்துபோனார். “என்ன அண்ணாச்சி, தொண்ட கட்டிட்டா? யாரும் தவறிட்டாங்களா?”

“மெல்லப் பேசும் வே.” சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அண்ணாச்சி என் பக்கம் நகர்ந்தார். “குடோனக் காலி பண்ணணும்.”

“ஏன் அண்ணாச்சி?”

என் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னார். “அட்ரஸ் தெரிஞ்சிட்டுலே.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் நனைந்திருந்தன. மதினிக்கு நாற்பது நெருங்கிய வயது.

அண்ணாச்சி வீடு வீடாகப் போய், பால்காரர் மாதிரி கதவைத் தட்டிச் சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார். அப்போது கோமதியும் உண்டாகியிருந்தாள். மதினிக்கு ஒரு மாதம் இரண்டு மாதம் பின்னால். எங்கள் முடிச்சையும் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

“கோவிச்சுக்கிடாதடே. பிள்ள வராத வீடுன்னா வைக்கலாம். இப்ப வார வீடாயிட்டுல்லா” என்றார். பெருமையை அடக்கத் தெரியாமல் மூக்கு விடைத்தது. அவ்வளவும் கிசுகிசுப்பாக.

மாதம் ஏற ஏற அண்ணாச்சிக்கு ஒரு கவலை வந்தது. தெருவுக்கெல்லாம் குடோன் இருந்தது. அவருக்கு எங்கே குடோன்? யார் வீட்டில் கொண்டு வைப்பது? “வைங்க அண்ணாச்சி” என்று எல்லாரும் கூப்பிட்டோம். “உங்க வீடெல்லாம் பிள்ளைக்கு அட்ரஸ் தெரிஞ்ச வீடுலே. பொல்லாப்புக்கும் தெரியும்” என்று மறுத்துவிட்டார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. குடோனில் உடைந்து கிடந்த தராசுக் கட்டையிலிருந்து ஒரு துண்டு எடுத்து, தொட்டில்கம்பு செதுக்கினார். சேலைத் தொட்டில் மூடிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கே கொடுக்கும் கம்பு. இரண்டு முனையிலும் கிளி வைத்தார். ஒன்று கிளியாகவே வந்தது. இன்னொன்று எவ்வளவு செதுக்கியும் கோழியாகத்தான் நின்றது.

“பரவால்ல. ஒண்ணு பேசும், ஒண்ணு முட்ட போடும்” என்றார். கண்ணாடிச் சில்லால் வழுவழுவென்று இழைத்து, குடோனுக்குள் ஒரு பருத்திப் பொதியில் செருகி வைத்தார். பருத்திக்கு யார் கண் வைக்கப் போகிறார்கள் என்பது அவர் கணக்கு. அந்த ரகசியத்தையும் எங்கள் வீட்டில் வந்து சொல்லிவிட்டுத்தான் போனார்.

பிள்ளைகளா, இனி இந்தக் கதையில் சிரிக்க அதிகம் இல்லை.

மதினிக்கு நாள் நெருங்கியிருந்தபோது, வயிற்றில் அசைவு தெரியவில்லை என்று சொன்னார்கள். கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். பெண் பிள்ளை. பிறக்கும்போதே உயிர் இல்லை. முடி நிறைய இருந்ததாம். மதினி மட்டும் திரும்பி வந்தார்.

தெரு அந்த வீட்டுப் பக்கம் போகாமல் நடந்தது. கொடுமை செய்ய வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. என்ன பேசுவது என்று ஆண்களுக்குத் தெரியவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று வயதான பெண்கள் சொல்லிவிட்டார்கள். கோமதிக்கு எட்டு மாதம். அத்தை அவளைத் தெருக்கோடிக் குழாய்க்குக்கூட விடவில்லை. அண்ணாச்சி டீக்கடைக்கு வரவில்லை. கடைக்காரர் தினமும் அவருடைய கண்ணாடித் தம்ளரைக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்.

அப்புறம் ஒரு நாள், தறிகள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தச் சத்தத்தையும் மீறி ஒரு குரல் தெருவில் கேட்டது. பழைய குரல். முழுக் குரல்.

“குடோன் தெறந்தாச்சு! சாமான் இருக்கவங்க கொண்டாங்க! குடோன் தெறந்தாச்சு!”

ஒரு கதவும் திறக்கவில்லை. ஒவ்வொரு வாசலாக நின்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பேங்க்காரர் வீட்டில் ஜன்னலைச் சாத்துவது எனக்குத் தெரிந்தது. எங்கள் வாசலுக்கு வந்தார். அத்தை கோமதியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். அவள் நகரவில்லை.

அவளைப் பார்த்ததும் அண்ணாச்சி வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“பயப்படாத தாயி. இப்ப முன்ன விடப் பத்திரம். முன்ன அட்ரஸ் தெரியாத வீடு. இப்ப பொல்லாப்பு வந்து, எடுக்க வேண்டியத எடுத்துட்டுப் போயிட்டு. பாத்த வீட்டுக்கு மறுபடி எதுக்கு வரப் போகுது?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரிக்க வேண்டும் என்று காத்து நின்றார். என்னால் முடியவில்லை.

“வேண்டாம்ட்டி, சொல்லுதேன்லா” என்று அத்தை பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள்.

கோமதி முடிச்சை எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணாச்சி கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“சாமானத் தாரேன் அண்ணாச்சி. ஆனா எனக்கு ஒண்ணு வேணும். அந்தக் கிளிக்கம்பு.”

“எந்தக் கம்பு?”

“பருத்திக்குள்ள வச்சிருக்கியள்லா, அது.”

அவர் முகம் மாறிவிட்டது. “அது ஆகாது தாயி. அது... அவளுக்குன்னு செஞ்சது.”

“அதுக்குத்தான் கேக்கேன். என் வயித்துல இருக்க இதுக்கு அவ அக்கால்லா. அக்கா கம்புல இது ஆடக் கூடாதா?”

தெருவுக்கே கேட்கப் பேசிய மனிதர், தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, குடோன் இருக்கும் பக்கமாக நடந்தார். போகும்போது எங்கள் வாசற்படியில் தடுக்கிக்கொண்டார்.

கோமதி முடிச்சை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக மதினி வீட்டுக்குப் போனாள். நான் பின்னால் போனேன். மதினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கோமதி பக்கத்தில் உட்கார்ந்து, முடிச்சை அவர் கைக்கு எட்டும்படி வைத்தாள். பிறகு அந்தக் கை முடிச்சைத் தொட்டது. மதினி எழுந்து உட்கார்ந்தார். அவிழ்த்தார். முகர்ந்து பார்த்தார்.

“நொச்சி இலையெல்லாம் காஞ்சி போச்சே. மாத்தி வைக்கேன்” என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று அண்ணாச்சி பின்னால் சொன்னார்.

அதற்கு மேல் கதவுகள் தானாகத் திறந்தன. பேங்க்காரர் மனைவியே, தங்கைக்காக ஒரு முடிச்சோடு வந்தாள்.

சின்னவனே, நீ நல்லபடியாகப் பிறந்தாய். பிறந்த சேதி கேட்டதும் மதினி துணிகளைச் சரிபார்த்து மறுபடியும் கட்டிக் கொண்டுவந்தார். அண்ணாச்சி கம்பைக் கொண்டுவந்தார். கிளியின் மூக்கில் கொஞ்சம் பருத்தி ஒட்டியிருந்தது. தொட்டிலைக் கட்டி, கோழி முனை உன் முகம் பார்க்கும்படி கம்பைக் குறுக்கே கொடுத்து, உன்னைக் கிடத்தினோம். அண்ணாச்சி நீ விழித்துவிடக் கூடாது என்று செருப்பை வாசலிலேயே விட்டு, நுனிக்காலில் நடந்து வந்து, தொட்டிலுக்குள் தலையை நுழைத்தார். உன் காதில் என்னவோ சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

“என்ன அண்ணாச்சி சொன்னிய?” என்று கேட்டேன்.

“அது ரகசியம்லே” என்றார்.

எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். கடைசிவரை சொல்லவில்லை. வாழ்நாளில் அவர் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான். அது உன்னிடம் இருக்கிறது. உனக்கு நினைவில்லை என்கிறாய். ஆனால் கோழிக்கூண்டைக் கடக்கும்போதெல்லாம் காரணமில்லாமல் ஒரு சிரிப்புச் சிரிக்கிறாயே, அப்போது நான் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.