அந்நியருக்குப் போட்ட இலை

ஒரு காட்டில் ஒரு மாதா கோயில் இருந்தது. காட்டில் ஏது கோயில் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். கழுதை பேசப்போகிற கதையில் கோயில் இருப்பதா பெரிய விஷயம்?

அந்தக் கோயிலுக்குக் கோயில்பிள்ளை ஒரு கழுதை. பெயர் இன்னாசி. மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பங்குச் சாமியார் தேடுகிற கண்ணாடியை அவர் மூக்கிலிருந்தே எடுத்துக் கொடுப்பது, எல்லாம் அவன் வேலை. சாமியார் ஓர் ஆமை. நல்லவர். சிக்கலான கேள்வி வந்தால் மட்டும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வார். ஜெபத்தில் இருக்கிறார் என்று பங்கு மக்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கேள்வி கேட்டவன் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் தலை வெளியே வரும்.

வருஷத்துக்கு ஒருமுறை மாதா திருவிழா. பூசை முடிந்ததும் அசனம். காடு முழுக்க வரிசையாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். அந்தப் பந்தியின் தலைமாட்டில் ஓர் இலை தனியாகப் போடுவார்கள். அதற்குப் பெயர் அந்நியர் இலை. முதலில் பரிமாறுவது அந்த இலையில்தான். எந்தப் பரதேசி வந்தாலும் அது அவருக்கு. ஆண்டவரே வேடம் மாற்றிக்கொண்டு பசியோடு வந்துவிட்டால் என்ன செய்வது என்று முன்னோர்கள் யோசித்து ஏற்படுத்திய வழக்கம். கோயில்பிள்ளை மூன்று தடவை மணி அடிப்பான். மூன்றாவது மணிக்குள் யாரும் வராவிட்டால் இலை கோயில்பிள்ளைக்கு.

இருபது வருஷமாக யாரும் வரவில்லை. அதில் பாதி ஆண்டவருடைய சித்தம். மீதிப் பாதி இன்னாசி மணி அடிக்கிற வேகம். முதல் மணிக்கும் மூன்றாம் மணிக்கும் நடுவே ஒரு கொசு உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது. அவனையும் குறை சொல்லக் கூடாது. வருஷம் பூராவும் காய்ந்த புல். அந்த ஒரு நாள்தான் கொள்ளுச் சாதம், பூசணிக்காய்க் கூட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கருப்பட்டிப் பாயசம். தவக்காலம் நாற்பது நாளையும் அவன் கடத்துவது அந்தப் பாயசத்தைத் தியானித்துத்தான்.

அந்த வருஷம் கிழக்கு மலை தீப்பிடித்து எரிந்தது. இந்தக் காட்டில் மூன்று ஞாயிறு விசேஷ மன்றாட்டு நடந்தது. எரிகிறவர்களுக்காக எல்லாரும் உருகி உருகி வேண்டிக்கொண்டார்கள். எரிகிறவர்கள் கிளம்பி இந்தப் பக்கமே வருவார்கள் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

திருவிழா அன்று இரண்டாவது மணியும் அடித்தாகிவிட்டது. இன்னாசி மூன்றாவதுக்குக் கயிற்றைப் பல்லால் கடித்துவிட்டான். அப்போது பந்தலுக்குள் ஒரு முள்ளம்பன்றிப் பெண் நுழைந்தாள். முள்ளெல்லாம் நுனி கருகியிருந்தது. பின்னால் நாலு குட்டிகள், கண் தெரியாத ஒரு மாமனார். யாரையும் எதுவும் கேட்காமல், ஆள் இல்லாத இலை ஒன்று இருக்கிறதே என்று அதன் முன் உட்கார்ந்து, சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு சாப்பாட்டை ஆறாகப் பங்கு வைத்தாள்.

பந்தி முழுக்க ஆனந்தக் கண்ணீர். மைனா போட்டோ எடுத்து மறைமாவட்ட வாட்ஸாப் குழுவில் போட்டது. ஆயராக இருந்த யானை அதற்கு ஒரு இதயம் அனுப்பினார். பங்குப் பேரவைத் தலைவர் பிலவேந்திரன் என்கிற காட்டுப்பன்றி எழுந்து, நம் முன்னோர் போட்ட இலை வீண்போகவில்லை என்று பேசி, பேச்சின் நடுவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இன்னாசியும் அழுதான். கடைக்குட்டி பாயசத்தை இலையோடு சேர்த்து நக்கிக்கொண்டிருந்தது.

முள்ளம்பன்றி கை கழுவிவிட்டு வந்து, பிலவேந்திரனிடம், "இனி நாங்க எங்க இருக்க அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

சாமியாருடைய தலை உள்ளே போய்விட்டது.

மறுநாளே பேரவை கூடியது. பிலவேந்திரன் விஷயத்தைத் தெளிவாக எடுத்து வைத்தார். இரக்கம் நம்முடைய பாரம்பரியம். பாரம்பரியத்தில் இருப்பது ஓர் இலை, ஒரு மத்தியானம். கூரையைப் பற்றி முன்னோர்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாததைச் செய்தால் அது முன்னோரை அவமதிப்பது. அதோடு இன்னொன்றையும் அவர் பதிவு செய்யச் சொன்னார்: பெயரில்தான் ரெண்டு பேருக்கும் பன்றி வருகிறதே தவிர, அந்தக் குடும்பத்துக்கும் அவருக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது.

கடைசியில் தீர்மானம் இப்படி வந்தது. பங்கில் சேர விண்ணப்பப் படிவம் மூன்று பிரதி. கூடவே, பழைய பங்குச் சாமியாரிடமிருந்து நற்சாட்சிக் கடிதம், முத்திரையோடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் குடும்பம் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட வேண்டும். அக்கரையில் செந்நாய்கள் இருந்தன. அதைத் தீர்மானத்தில் எழுதவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எழுதுவானேன்.

படிவத்தை இன்னாசிதான் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் பெயர் மதலேனாள். அவர்கள் பங்குச் சாமியார் ஒரு ஆந்தை. தீப்பிடித்த அன்று நற்கருணைப் பாத்திரத்தை எடுக்கப் போனவர், திரும்பி வரவில்லை. இதைக் கேட்டு இன்னாசிக்கு மனது கனத்தது. கனத்த மனதுக்குள்ளேயே ஒரு ஓரத்தில் நிம்மதியும் எட்டிப் பார்த்தது. இவர்கள் போய்விட்டால் அடுத்த வருஷம் இலை பழையபடி அவனுக்கு. ஆனாலும் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லாமல் வரக்கூடாதே என்று, மாதா கைவிடமாட்டாள் என்றான்.

"கைவிடமாட்டா அண்ணாச்சி," என்றாள் மதலேனாள். "அக்கரையில உசுரோட கிடந்தா, வருஷா வருஷம் திருவிழாவுக்கு வந்துருவோம். நமக்குன்னு ஒரு இலை போட்டு வச்சிருக்காகளே, அது போதும். எங்க மலையாளுக இன்னும் வழியில வந்துக்கிட்டிருக்காக. அவுககிட்டயும் சொல்லி விடுதேன்."

இன்னாசிக்குக் காது இரண்டும் தொங்கிவிட்டது. நேராக ஆமைச் சாமியாரிடம் ஓடினான்.

"சாமி, ஒரு சந்தேகம். ஒருத்தர் பங்குல சேந்துட்டா, அப்புறம் அந்நியர் இலையில உக்காரலாமா?"

இது பதில் தெரிந்த கேள்வி. அதனால் சாமியார் தலையை வெளியே நீட்டினார்.

"அதெப்படி? பங்கில் சேர்ந்துவிட்டால் அவர் நம்மவர். எல்லாரோடும் பந்தியில்தான் உட்கார வேண்டும்."

அன்றைக்கு இன்னாசியின் நெஞ்சில் எழுந்த இரக்கத்தைப் போல அந்தக் காடு அதுவரை கண்டதில்லை. அந்தக் குடும்பத்தைப் பங்கில் சேர்க்காமல் ஓய்வதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டான். மூன்று பிரதியையும் அவனே பூர்த்தி செய்தான். படிவத்தில் ஏழாவது கேள்வி, 'தாங்கள் வேடமிட்டு வந்த ஆண்டவரா? ஆம் / இல்லை.' பிலவேந்திரன் சேர்த்த கேள்வி அது. ஆம் என்று எழுதினால் தேவதூஷணம். இல்லை என்று எழுதினால் இலை போட்ட வழக்கத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. இன்னாசி ஒரு மத்தியானம் முழுக்க யோசித்து, 'விசாரணையில் உள்ளது' என்று எழுதினான்.

மிச்சம் இருந்தது கடிதம். வெள்ளி போய்ச் சனி வந்துவிட்டது. மதலேனாள் மாமனாரை ஆற்றில் இறங்கி நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். இன்னாசி மறைமாவட்டச் சுற்றறிக்கைக் கட்டை எடுத்து மூச்சுவிடாமல் படித்தான். பசித்த வேளையில் அந்தக் கட்டிலிருந்து பாதியை முன்பே தின்றிருந்தான். நல்ல வேளையாகத் தின்னாத பாதியில் அந்த விதி இருந்தது: சாமியார் இல்லாத பங்குக்குப் பக்கத்துப் பங்குச் சாமியாரே பொறுப்பு.

எரிந்த மலைக்குப் பக்கத்துப் பங்கு எது? இதுதான்.

"அப்படின்னா அந்த மலைக்கும் இப்ப நீங்கதான் சாமியார். கடிதத்தை நீங்க எழுதணும்," என்றான் இன்னாசி.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான், சாமி."

தலை உள்ளே போகப் பார்த்தது. இன்னாசி குறுக்கே ஒரு மெழுகுவத்தியை நீட்டினான். வேறு வழியில்லாமல் சாமியார் எழுதினார். 'அன்புள்ள சகோதரக் குருவே' என்று ஆரம்பித்து, இந்தக் குடும்பத்தாரைத் தமக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லி, முத்திரை குத்தி ஒட்டினார். தபால் என்றால் போய் வர வேண்டும் அல்லவா? இன்னாசி அதை வாயில் கவ்விக்கொண்டு கோயிலை ஒரு சுற்று சுற்றி வந்து சாமியாரிடம் கொடுத்தான். அவர் பிரித்து நிதானமாகப் படித்தார்.

"நல்ல மனுஷர்தான் எழுதியிருக்கிறார்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிலவேந்திரன் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏழாவது பதிலை இரண்டு தடவை படித்தார். விசாரணை முடிந்து ஒருவேளை ஆம் என்று வந்துவிட்டால் தன் கதி என்ன என்று யோசித்திருப்பார் போலிருக்கிறது. சட்டென்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார்.

"என்னவே இன்னாசி, பூசையில பக்கத்துல இருக்கவுக கையைப் பிடிச்சு ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் குடுக்கணுமே. இவளுக்குப் பக்கத்துல எவன்வே உக்காருவான்?"

இன்னாசி உட்கார்ந்தான். அடுத்த நாளிலிருந்து அவன் விலாவில் அங்கங்கே பஞ்சு ஒட்டியிருக்கும். கேட்டால் சமாதானம் என்பான்.

ஒரு வருஷம் ஓடியது. திருவிழா வந்தது. மதலேனாள் குடும்பத்தோடு பந்தியில் உட்கார்ந்திருந்தாள். கடைக்குட்டி இலை நுனியை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தது. இன்னாசி ஒரு மணி அடித்தான். இரண்டு அடித்தான். பாயசத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மூன்றாவதுக்குக் கயிற்றைக் கடித்தபோது, பந்தலுக்கு மேலே ஒரு நீளக் கழுத்து தெரிந்தது. மழை பொய்த்த சீமையிலிருந்து பிழைக்க வந்த ஒட்டகம். அது நின்றபடியே குனிந்து, கொள்ளும் கூட்டும் பாயசமும் என்று பார்க்காமல் ஒரே உறிஞ்சில் முடித்துவிட்டு, இங்கே தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டது.

பந்தியிலிருந்து முதலில் எழுந்த குரல் மதலேனாளுடையது.

"பங்குச் சாமியார் கடிதம் இருக்காய்யா? வாரவகளை எல்லாம் சேத்துக்கிட்டே இருந்தா எப்படி? எதுக்கும் ஒரு அளவு வேணும்லா?"

"அப்படிக் கேளு தங்கச்சி," என்றார் பிலவேந்திரன். அவளைச் சொந்தம் என்று அவர் ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

இன்னாசி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அலமாரியிலிருந்து படிவம் மூன்று பிரதி எடுத்து வந்தான்.

அதற்கடுத்த வருஷம் வெள்ளத்தில் வீடு போன கீரிக் குடும்பம். அதற்கடுத்து, சொந்தக் காட்டிலேயே துரத்தப்பட்ட இரண்டு நரிகள். எல்லாரையும் இன்னாசியே சேர்த்துவிட்டான். ஆமைச் சாமியார் தமக்குத் தாமே கடிதம் எழுதி எழுதிக் கை தேய்ந்தார். ஒருமுறை, பதில் போடத் தாமதமானதற்கு வருத்தம் தெரிவித்துத் தமக்கே ஒரு கடிதம் போட்டார். மன்னித்துவிட்டதாகப் பதிலும் வந்தது.

பதினோராவது வருஷம் திருவிழாவுக்கு ஆயர் யானையே நேரில் வந்தார். அந்நியரை இவ்வளவு நேசித்த கோயில்பிள்ளை இந்த மறைமாவட்டத்தில் வேறு யாரும் இல்லை என்று சொல்லி, இன்னாசிக்குப் பொன்னாடை போர்த்தினார். மைனா போட்டோ எடுத்தது. ஒட்டகம் கழுத்தை மடித்து மடித்து அழுதது. இவ்வளவு இரக்கம் உன்னிடம் எங்கிருந்து வந்தது, மகனே, என்று ஆயர் கேட்டார்.

இன்னாசி பந்தியின் தலைமாட்டைப் பார்த்தான். பதினோரு வருஷமாக அவன் நாக்கில் படாத பாயசம் அங்கே ஆவி பறக்க இருந்தது.

"பசி, ஆண்டகையே," என்றான்.

காடே விம்மியது. ஏழைகளின் பசியைத் தன் பசியாக நினைத்தவன் என்று பிலவேந்திரன் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லி மூக்கைச் சிந்தினார்.

பொன்னாடையோடு இன்னாசி போய்க் கயிற்றைப் பிடித்தான். ஒன்று அடித்தான். இரண்டு அடித்தான். அப்போது பந்தல் வாசலில் யாரோ தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. இன்னாசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூணு பிரதி," என்றான். "சாப்பிட்டுட்டு வாங்க, எழுதிரலாம்."

நீதி: அந்நியர்களைப் பிடிக்காதவர்கள் அவர்களை ஒழித்துக்கட்ட ஒரே வழி, வந்த அன்றே சேர்த்துக்கொண்டுவிடுவது. பாயசம் கிடைக்கும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.