ஒரே இரவில் முப்பத்தொரு சென்டிமீட்டர்

என் உடம்பில் ஓடுவது ரத்தமல்ல, வயல் தண்ணீர் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சுசீந்திரம் பக்கம் நாலு தலைமுறையாக நெல் போட்ட குடும்பம் எங்களுடையது. நான் மட்டும் இன்சூரன்ஸ் ஆபீசில் ஃபைல் புரட்டுகிறேன். (வரப்பில் நடந்தால் இரண்டு தடவையாவது வழுக்கி விழுவேன்.) அந்தப் பெருமையை மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரே காலையில் இறக்கி வைத்தாள். அவள் என் மகள் நிவேதா.

ஆண்டுக் கடைசியில் அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு விழா. வருஷம் முழுக்கப் படித்த பாடங்களையெல்லாம் ஒரே ஒரு பொருளை வைத்துப் பெற்றோர் முன்னால் காட்ட வேண்டும். நிவேதா ஐஸ்கிரீம் டப்பாவில் நெல் விதைத்தாள். முளைப்பது அறிவியல், தினமும் ஸ்கேல் வைத்து அளப்பது கணக்கு, எங்கே விளைகிறது என்பது சமூக அறிவியல். அதைப் பற்றித் தமிழில் ஒரு பத்தியும் ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியமும் எழுத வேண்டும். பெற்றோர் கை வைக்கக் கூடாது என்று டீச்சர் மூன்று தடவை சொல்லியனுப்பியிருந்தார்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் பைக்கை உள்ளே ஏற்றிவிட்டு கேட்டை அடைக்க மறந்தேன். பக்கத்து வீட்டு ஆடு வந்தது. கன்றுக்குட்டி உயரம் இருக்கும் அந்த ஆடு. டப்பாவில் மண் மட்டும்தான் மிச்சம்.

"எல்லாரும் செடி வச்சிருப்பாவ. நான் மட்டும் வெறும் டப்பாவ கொண்டு போவணுமாப்பா?" என்று நிவேதா தேம்பினாள்.

"அழாத மக்களே. அப்பா வயக்காரன் மவனாக்கும். காலையில பாரு."

என் மனைவி செல்வி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பேசாம ஆடு தின்னுட்டுன்னு டீச்சர்ட்ட சொல்லிருங்க. நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்." (அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.)

விடிந்ததும் பக்கத்திலிருந்த ஒருவர் வயலுக்குப் போனேன். நாற்றங்காலில் கை வைத்தால் வயலுக்குச் சொந்தக்காரர் என் காலை ஒடிப்பார். அதனால் வாய்க்கால் ஓரம் தானாக நின்ற பச்சையில் ஐந்தைப் பிடுங்கி வந்து டப்பாவில் நட்டேன். பார்ப்பதற்கு அசல் நெல்தான். "யார்ட்டயும் சொல்லாத" என்றேன். நிவேதா தலையாட்டினாள். பிறகு வழக்கம்போல ஸ்கேலை எடுத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த நோட்டை நான் ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

விழாவில் எங்கள் செடிதான் எல்லாவற்றிலும் உயரம். நான் பக்கத்திலேயே நின்று, வந்தவர் போனவரிடமெல்லாம் "நாலு தலமொற நெல்லாக்கும், கைராசி" என்று அளந்துகொண்டிருந்தேன். நிவேதாவின் தோழி ஒருத்தியின் அம்மா ஜெசிந்தா அங்கே வந்தாள். கடியப்பட்டணத்துக்காரி. எங்கள் பக்கம் குடிவந்து ஸ்கூட்டரில் மீன் விற்பவள். டப்பாவுக்குள் குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, இது நெல்லு இல்லல்லா? இலை நடுவுல வெள்ளக் கோடு கெடக்கே. களை பறிக்கியவ இதயாக்கும் பிடுங்கி வரப்புல எறிவாவ. மீனு கொண்டு போவும்ப தெனம் பாக்கேனே!"

கடற்கரைக்காரி சொல்லி வயக்காரன் மகன் தெரிந்துகொண்டான். நான் சமாளிக்க வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியை நிவேதாவை வாசிக்கச் சொன்னார். அவள் கணீரென்று ஆரம்பித்தாள்.

"அறிவியல். செடி வளரத் தண்ணீர், காற்று, வெயில் வேண்டும். ஆடு வரக் கூடாது. கணக்கு. இருபத்தொன்றாம் நாள் பதினாறு சென்டிமீட்டர். இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம் பூஜ்யம். இருபத்துமூன்றாம் நாள் காலை முப்பத்தொன்று. ஒரே இரவில் வளர்ந்தது முப்பத்தொரு சென்டிமீட்டர். சமூக அறிவியல். கிடைக்கும் இடம், வாய்க்கால் ஓரம். கொண்டுவந்தவர், என் அப்பா."

ஆங்கிலத்தையும் அவள் விடவில்லை. "மை ஃபாதர் டிட் நாட் க்ளோஸ் த கேட்."

கூடமே சிரித்தது. செல்விதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். நான் மகளின் காதருகே குனிந்து, "சொல்லாதன்னு சொன்னேன்லா?" என்றேன்.

"நான் யார்ட்டயும் சொல்லல்லியேப்பா. அளந்தத அப்படியே எழுதணும்னு டீச்சர் சொன்னாவல்லா, அதான் எழுதுனேன்."

முதல் பரிசு அவளுடைய நோட்டுக்குத்தான். வெறும் டப்பாவோடு போயிருந்தாலும் கிடைத்திருக்கும் என்று டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கூனிக் குறுகி நின்றாலும், நேற்று அழுத பிள்ளை இன்று சிரிப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நிவேதா இப்போது எட்டாம் வகுப்பு. ஜெசிந்தா இன்றும் வாசலில் மீனை நிறுத்துக் கொடுத்துவிட்டு, "அண்ணே, நெல்லு கதிரு வச்சாச்சா?" என்று கேட்காமல் போவதில்லை. நான் ஆபீஸ் கதையில் கொஞ்சம் கூட்டிப் பேசினால் செல்வி "ஒரே ராத்திரியிலயா?" என்பாள்.

இதை எழுதி முடித்ததும் நிவேதாவிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவந்தவள், கன்றுக்குட்டி உயர ஆடு வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு எழுந்து போய் ஸ்கேலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"சரியா எத்தன சென்டிமீட்டர்னு போடுங்கப்பா."