புலி உள்ள கட்டங்கள்

ஒரு காட்டில் தண்ணீர் இருக்கும் இடம் ஒன்றுதான். சிக்னல் கிடைக்கும் இடமும் ஒன்றுதான். தண்ணீர் கிழக்கே ஆனைக்குட்டையில் இருந்தது. சிக்னல் மேற்கே வழுக்குப்பாறையின் உச்சியில் இருந்தது. ஆகவே அந்தக் கோடையில் தண்ணீர் குடிக்க நினைத்த மிருகங்கள் எல்லாம் முதலில் எதிர்த்திசையில் நடந்தன.

முன்பெல்லாம் அப்படியில்லை. தாகம் எடுத்தால் குட்டைக்குப் போவார்கள். புலி வந்தால் ஓடுவார்கள். ஓட முடியாதவரைப் புலி தின்னும். அந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்தன. ஆனால் பாஸ்வேர்டு இல்லை.

இதைச் சீர்திருத்த யானைகள் ஒரு குழு அமைத்தன. குட்டையைச் சுற்றி வேலி போட்டன. வாசலில் ஓர் உடும்பைக் காவலுக்கு வைத்தன. மானுக்குக் காலை ஆறு மணி, பன்றிக்கு ஏழு, புலிக்கு மாலை ஐந்து என்று நேரம் பிரித்து, பதிவு செய்ய ஒரு செயலியும் கொண்டுவந்தன. அமாவாசைக்குள் பதிவு செய்யாத மந்தைக்கு மழை வரும்வரை தண்ணீர் கிடையாது. யானைகளுக்குப் பதிவு தேவையில்லை. ஏன் என்று கேட்பதற்கும் செயலியில் இடமில்லை.

முதல் வாரத்திலேயே குரங்குகள் எல்லா நேரத்தையும் மொத்தமாகப் பதிவு செய்துகொண்டு, கேட்டவர்களுக்குக் கொய்யாப்பழத்துக்கு விற்றன. குழு மறுபடி கூடியது. பதிவு செய்பவர் மந்திரமோ தந்திரமோ அல்ல, உண்மையான மிருகம்தான் என்று நிரூபிக்க ஒரு படச் சோதனை வைப்பதென்று முடிவானது. காட்டில் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த உருவம் எது என்று குழு மூன்று நாள் யோசித்தது.

புலி என்று முடிவு செய்தது.

இந்தச் சமயத்தில்தான் செவந்தி என்ற புள்ளிமான் தன் மந்தைக்காகப் பதிவு செய்யக் கிளம்பினாள். மந்தையில் ஏழு பேர். தலைவன் அவள் கணவன் கொம்பையன்தான். ஆனால் போனைக் காதருகே கொண்டுபோனால் அவன் கொம்பு தடுக்கும். அதனால் தொழில்நுட்பம் எல்லாம் அவள் பொறுப்பு என்று அவனே முடிவு செய்திருந்தான். செவந்தியின் தங்கை பூவரசி அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். இலையில் இருந்த பனியை நக்கியே எல்லாரும் பிழைத்தார்கள். பூவரசிக்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது. அமாவாசைக்குப் பத்து நாள் இருந்தது.

வழுக்குப்பாறை உச்சியில் நின்று செவந்தி படிவத்தை நிரப்பினாள். குளம்பால் தொட்டால் திரை கேட்கவில்லை. மூக்கால் தொட்டால் கேட்டது. பெயர், இனம், மேய்ச்சல் பகுதி எல்லாம் மூக்கால் எழுதினாள். அடுத்து 'உடலில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். கொம்பையன் அவளைச் சுற்றி வந்து எண்ணினான்.

"நூத்திப் பதினாலு, நூத்திப் பதினஞ்சு... ஏ செவந்தி, அசையாத. எதை எண்ணினேன்னு மறந்துபோச்சு."

"நான் அசையலைங்க. ஈ உக்காந்துச்சு. தோல் தானா சிலிர்க்குது."

"ஈயையும் சேத்து எண்ணிட்டேன் போலிருக்கு."

ஒருவழியாக அந்தக் கட்டமும் நிரம்பியது. ஓடிபி வந்தது. கடைசியில் திரையில் ஒரு வரி தோன்றியது: 'கீழே உள்ள படத்தில் புலி உள்ள எல்லாக் கட்டங்களையும் தொடவும்.'

படம் வந்தது.

அவள் ஓடவில்லை. கால்கள் ஓடின. அவள் கூடவே போனாள். பாறையில் இருந்து இறங்கி, மூங்கில் புதரைத் தாண்டி, வறண்ட ஓடையைக் கடந்த பிறகுதான் கால்களுக்கு விஷயம் புரிந்தது. திரும்பி வந்தபோது மதியம். திரையில் 'நேரம் முடிந்தது. முதலிலிருந்து தொடங்கவும்' என்று இருந்தது. கொம்பையன் அவளுக்கு முன்பே ஓடிவிட்டதால், புள்ளிகளை மறுபடி எண்ண அவனைத் தேட வேண்டியிருந்தது.

மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள். 'நீங்கள் தேர்ந்தெடுத்தது புதர்' என்று வந்தது. இன்னொரு முறை தொட்டாள். புதர். மூன்றாம் முறை வேறொரு செய்தி வந்தது: 'சரிபார்க்க முடியவில்லை. இருபத்து நான்கு மணி நேரம் கழித்து மீண்டும் முயலவும்.'

இருபத்து நான்கு மணி நேரமும் அவள் பாறையிலேயே உட்கார்ந்திருந்தாள். இடையில் உதவி எண்ணுக்கு அழைத்தாள். ஒரு மைனா எடுத்தது.

"வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. கொம்பு உள்ளவர்கள் ஒன்றை அழுத்தவும். கொம்பு இல்லாதவர்கள் இரண்டை அழுத்தவும்."

இரண்டை அழுத்தினாள்.

"சொல்லுங்க மேடம்."

"புலி படம் வந்தா ஓடிடறேன் தம்பி. வேற படம் மாத்தித் தர முடியுமா? ஒரு முயல், ஒரு ஆமை, இப்படி ஏதாவது?"

"உங்க சிரமம் புரியுது மேடம். ஒரு புகார் பதிவு பண்ணிடுங்க. ஆப்லேயே பண்ணலாம்."

"பண்றேன். அதுக்கு என்ன செய்யணும்?"

"ரொம்ப சுலபம் மேடம். ஒரு படம் வரும். அதுல புலி உள்ள கட்டங்களை..."

செவந்தி போனை வைத்தாள். ஒரு கால் மட்டும் பழக்கத்தில் நான்கடி ஓடிவிட்டு வந்தது.

பாறை அடிவாரத்தில், முதல் வாரத்தில் நேரத்தை விற்ற குரங்குகளில் ஒன்றான தாவுமணி இப்போது சேவை மையம் வைத்திருந்தான். 'எல்லா விண்ணப்பங்களும் பூர்த்தி செய்து தரப்படும்' என்று பலகை தொங்கியது. செவந்தி போனை நீட்டினாள்.

"கவலைய விடுக்கா. இதெல்லாம் எனக்குக் கண்ண மூடிக்கிட்டு பண்ற வேலை" என்று வாங்கினான்.

கண்ணைத் திறந்துகொண்டு செய்ததுதான் தவறாகிவிட்டது. படம் வந்ததும் தாவுமணி மரத்தின் உச்சிக்குத் தாவி, புலியைக் கண்டால் குரங்குகள் போடும் எச்சரிக்கைச் சத்தத்தைப் போட்டான். அந்தச் சத்தம் கேட்டால் மான்கள் ஓட வேண்டும் என்பது இரண்டு இனங்களுக்கும் வெகுநாள் ஏற்பாடு. செவந்தி ஓடினாள். வரிசையில் நின்ற பன்றிகள் ஓடின. வெகுதூரத்தில் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்த, இந்த வம்பில் சம்பந்தமே இல்லாத ஒரு காட்டெருமைக் கூட்டமும் ஓடியது.

எல்லாரும் திரும்பி வந்தபோது தாவுமணி தலையைச் சொறிந்தான்.

"ஏன்க்கா ஓடினே?"

"நீ கத்தினே. ஓடினேன்."

"நான் படத்தப் பாத்துல்ல கத்தினேன்."

"அத முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?"

"மரத்து மேல இருந்து எப்படிக்கா சொல்றது?" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "உனக்கு ஒண்ணு சொல்லவா? புலியாலேயே இதைப் பண்ண முடியலை. தன்னோட எல்லைக்குள்ள வேற புலி வந்துட்டதா நெனச்சு ஓங்கி ஒரு அறை விடுது. ஒம்போது கட்டமும் ஒண்ணா அமுங்கிடுது. தப்புன்னு வந்துடுது. நேத்து மூணு தடவை. அப்புறம் 'சரிபார்க்க முடியவில்லை'ன்னு வந்ததும் சத்தமே போடாம அந்த மூலையில போய் உக்காந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சுக்கா."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"பழகிக்க. வேற வழியில்லை."

அந்தப் படத்தை இறக்கி அவள் போனில் முகப்புப் படமாக வைத்துக் கொடுத்தான். கட்டணமாக ஒரு கொய்யாப்பழம் கேட்டான். பழக்கம் போகவில்லை.

முதல் நாள் செவந்தி ஓர் அரச இலையால் திரையை மூடி, வால் நுனியை மட்டும் பார்த்தாள். நடுங்கினாள், ஆனால் நின்றாள். இரண்டாம் நாள் இலையை நகர்த்திப் பின்னங்கால். அடுத்து முதுகு, கோடுகள், காது. ஆறாம் நாள் இலையை எடுத்துவிட்டு மஞ்சள் கண்களைப் பார்த்தாள். கண்கள் ஒன்றும் செய்யவில்லை.

கொம்பையனுக்கு இது பிடிக்கவில்லை.

"ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க. உன் பொண்டாட்டி போன்ல உன் படம் இல்லாம புலி படம் இருக்காமேன்னு."

"உங்க படத்தை வச்சா தண்ணி கிடைக்கும்னா சொல்லுங்க, வச்சுக்கறேன்."

பூவரசி சிரிக்க முயன்றாள். உதடு வெடித்திருந்ததால் முடியவில்லை. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. செவந்தி அதைப் பார்த்தாள். பிறகு மறுபடி புலியைப் பார்த்தாள். இரண்டில் எது பயமாக இருக்கிறது என்று அவளுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் பாறையில் ஏறினாள். புள்ளிகளை நிரப்பினாள். படம் வந்தது. கால்கள் நின்றன. நடுக்கட்டத்தில் முகம், பக்கத்தில் தோள், கீழே வயிறு என்று ஒவ்வொன்றாக மூக்கை வைத்தாள். கடைசிக் கட்டத்தில் வால் நுனியில் நாலு முடி மட்டும் எட்டிப் பார்த்தது. அது புலியா, இல்லையா? வெகுநேரம் யோசித்தாள். அந்த நாலு முடிக்கும் தானே பயந்ததை நினைத்துக்கொண்டு அதையும் தொட்டாள்.

ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. பிறகு பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. டோக்கன் வந்தது. பாறை உச்சியில் யாரும் இல்லாததால் செவந்தி கொஞ்சம் துள்ளினாள்.

மறுநாள் காலை ஏழு மான்களும் குட்டியும் குட்டை வாசலில் நின்றன. காவல்காரன் உடும்பின் பெயர் கெட்டிச்சாமி. டோக்கனை இரண்டு முறை படித்து, தலைகீழாகவும் ஒருமுறை படித்தான்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கும்மா. ஆறு மணிக்குத்தான் திறப்பேன்."

"குட்டி மயங்குதுங்க. ரெண்டு நிமிஷந்தானே?"

"அதைத்தான் நானும் சொல்றேன். ரெண்டு நிமிஷந்தானே."

அந்த இரண்டு நிமிடத்தில்தான் புதருக்குப் பின்னாலிருந்து புலி வந்தது.

தாவுமணி எங்கோ மரத்திலிருந்து கத்தினான். "யாரோ பதிவு பண்றாங்க போல" என்று தூரத்தில் பன்றிகள் பேசிக்கொண்டன. கொம்பையனும் மற்ற நான்கு பேரும் புழுதி கிளப்பி மறைந்தார்கள். பூவரசி ஓடவில்லை. குட்டியால் நிற்கவே முடியவில்லை. வேலிக்குள்ளிருந்து ஒரு யானை எட்டிப் பார்த்து, "வேலிக்கு வெளிய நடக்கிறது நம்ம துறை இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டது.

செவந்தியும் ஓடவில்லை. ஓடத்தான் நினைத்தாள். ஆனால் ஆறு நாள் பழக்கிய கால்கள் அசைய மறுத்தன. புலி நெருங்கியது. அதே மஞ்சள் கண்கள். அதே கோடுகள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். முன்னால் போய்ப் புலியின் மூக்கின் மேல் தன் மூக்கை வைத்தாள். பிறகு தோளில் ஒருமுறை. வயிற்றில் ஒருமுறை. சுற்றிப் போய் வால் நுனியிலும் ஒருமுறை. பிறகு எதிரே வந்து நின்று காத்திருந்தாள்.

புலியை இதுவரை யாரும் தொட்டதில்லை.

"என்னம்மா பண்றே?" என்றது.

"சரிபார்க்கறேங்க."

புலியின் காதுகள் தாழ்ந்தன.

"என்ன வந்திருக்கு? நான் புலிதானே?"

"இருங்க. சுத்திக்கிட்டு இருக்கு."

"ஒரு வாரமா மூணு மூணு தடவை பாத்துட்டேன். தப்பு தப்புன்னே சொல்லுது. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு" என்று புலி மெல்லிய குரலில் சொன்னது. "வந்துடுச்சா?"

செவந்தி பின்னால் பார்த்தாள். பூவரசி குட்டியின் மேல் கவிந்து நின்றாள். செவந்தி திரும்பிப் புலியின் கண்களைப் பார்த்து, மைனாவின் குரலில் சொன்னாள்:

"சரிபார்க்க முடியவில்லை. இருபத்து நான்கு மணி நேரம் கழித்து மீண்டும் முயலவும்."

புலி பெருமூச்சு விட்டது. வாதாடவில்லை. இந்தச் செய்தியுடன் வாதாட முடியாது என்பது அதற்குத் தெரியும். வாசலுக்கு ஓரமாகப் போய், முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டது.

"அதுவரைக்கும் நான் எதைத் திங்கறது?"

"புலின்னு உறுதியாகற வரைக்கும் மான் திங்க முடியாதுங்க. நண்டு திங்கலாம்" என்றாள் செவந்தி.

"தண்ணி?"

கெட்டிச்சாமிக்கே மனம் இளகிவிட்டது. 'மற்றவை' என்று எழுதி ஒரு சீட்டுக் கொடுத்தான். சாயங்காலம் ஏழு மணி, ஆமைகளோடு. பிறகு வானத்தைப் பார்த்து, "மணி ஆறு" என்று கதவைத் திறந்தான். பூவரசி குட்டியை முட்டித் தள்ளி உள்ளே கொண்டுபோனாள். அவள் குடிக்கும் சத்தம் வெளியே கேட்டது. வெகுநேரம் கேட்டது. ஐந்தரை மைல் ஓடிவிட்டுத் திரும்பிய கொம்பையன், "எல்லாம் நான் சொன்ன மாதிரியே நடந்துச்சா?" என்று கேட்டான்.

மறுநாள் காலையில் புலி தயாராக நின்றது. செவந்தி மூக்கை வைத்தாள். மன்னிக்கவும், முடியவில்லை. அடுத்த நாள் சர்வர் வேலை செய்யவில்லை. அதற்கடுத்த நாள் விடுமுறை. புலி கோபப்படவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சீக்கிரம் வந்து வரிசையில் முதல் ஆளாக நிற்க ஆரம்பித்தது.

பதினெட்டாம் நாள் பக்கத்துக் காட்டிலிருந்து வேறொரு புலி வந்தது. இளவயசு. அதனிடம் போன் இல்லை. செயலி பற்றி ஒன்றும் தெரியாது. மான்களைப் பார்த்ததும் பதுங்கிப் பாயத் தயாரானது. செவந்தி அதன் மூக்கைத் தொட முன்னால் போனாள். அந்தக் கண்களைப் பார்த்ததும், இது வட்டம் சுற்றி முடியும்வரை காத்திருக்கும் வகை இல்லை என்று புரிந்துவிட்டது.

அதற்குள் வரிசையின் முன்னாலிருந்து காடே நடுங்குமாறு ஓர் உறுமல் கேட்டது.

"டேய்! எங்கடா நேரா வர்றே?"

இளம்புலி திகைத்து நின்றது. "மான் இருக்கு. திங்க வந்தேன்."

"நாங்க எல்லாம் இங்க என்ன வேடிக்கை பாக்கவா நிக்கிறோம்? பதினெட்டு நாளா நண்டு தின்னுக்கிட்டு நிக்கிறேன் நான்! நேத்து வந்தவன் நீ, நடுவுல பூந்துடுவியா? உன்னை யாருடா சரிபார்த்தா? முதல்ல பின்னாடி போ!"

இளம்புலி பின்னால் போகவில்லை. பழைய புலி அதை இரண்டு காடு தாண்டித் துரத்திவிட்டு வந்தது. வந்ததும் மூச்சிரைக்கச் செவந்தியிடம் கேட்ட முதல் கேள்வி:

"என் இடம் போயிடலையே?"

"இல்லீங்க. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் செவந்தி.

நீதி: எதிரியை வெல்ல முடியாவிட்டால் அவனை வரிசையில் முதல் ஆளாக நிறுத்திவிடு. மற்ற எதிரிகளை அவனே பார்த்துக்கொள்வான்.