ஐரிஸ் ஊதா

ஊட்டியிலிருந்து திரும்பிய கையோடு மைக்கேல்ராஜ் சபதம் போட்டார்.

"இனிமே அரக்கு, பச்சைன்னு அரைச்ச மாவையே அரைக்க மாட்டேன். ஆரணிப் பட்டுல ஐரிஸ் ஊதாவ எறக்கப்போறேன்!"

சூசைமேரி முறத்தைக் கீழே வைத்தாள். "ஐரிஸா? யாருங்க அந்தப் பொம்பள?"

"பூவுடி, பூ!"

ஊரறிந்த பட்டுச் சாயக்காரர். பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டு, கூட்டாளிகளோடு பூக்கண்காட்சி பார்த்து வந்தவர். அன்றிலிருந்து வாயில் வேறு பேச்சில்லை. வெள்ளை ஐரிஸ், மஞ்சள் ஐரிஸ், கறுப்போ என்று மிரளவைக்கும் ஐரிஸ். மேலே மூன்று இதழ் கூடிக்கூடி ரகசியம் பேசுமாம். கீழே மூன்று இதழ் நாக்கைத் தொங்கப் போட்டிருக்குமாம். நாக்கின்மேல் கம்பளிப்பூச்சி மாதிரி மஞ்சள் தாடி!

"பூவுக்கே தாடி வளருது. உங்களுக்கு மீசைக்கே தகராறு" என்றாள் சூசைமேரி.

அத்தனை நிறத்திலும் ஊதாதான் அவர் மனசைப் பறித்தது. மறுநாளே சாயம் காய்ச்சி, ஒரு பிடிப் பட்டுநூலை முக்கிக் காயவைத்தார். எதிர்வீட்டு நெசவாளி ஜெயவேல் அசந்து நின்றான். சூசைமேரி மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"மழமேகம்னு சொன்னீங்க. இது கத்திரிக்கா மாதிரி கீதே."

அடுத்த நூலை வெளுப்பாக்கினார்.

"நாவப்பழம் தின்ன நாக்குன்னீங்களே. இது தவசு காலத்துல சர்ச்சு சாமியார் பூசைக்குப் போடற அங்கியாட்டம் கீது."

அதற்கடுத்த நூலுக்கு உதட்டைப் பிதுக்கினாள். "எனக்கு இன்னா தெரியும்? பாத்தது நீங்க. நல்லா நெனச்சுப் பாருங்க."

நினைத்து நினைத்துப் பார்த்தார். கொடியெல்லாம் ஊதா தொங்கியது. கண்ணை மூடினால் கத்திரிக்காய்தான் வந்தது.

"பேஜாராப் போச்சு சூசை. பூவே மறந்துடுச்சு. திரும்ப ஒரு நடை போய்ப் பாத்தாத்தான்..."

"தனியாப் போனா மறுபடி மறந்துகினுதான் வருவீங்க. நாலு கண்ணு பாக்கட்டும்."

அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் பையைக் கட்டி முடித்திருந்தாள்.

ஊட்டியில், பனித்துளியோடு ஐரிஸ் பாத்தி முழுக்கப் பூத்திருந்தது. சூசைமேரி பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மைக்கேல்ராஜ் மண்டியிட்டு, முதலில் சாயமேற்றிய நூலை இதழோடு வைத்துப் பார்த்தார். இதழ் எது, நூல் எது என்றே தெரியவில்லை.

"அடியே! மொத நூலே சரிடி! அப்புறம் ஏன் கத்திரிக்கான்னே?"

"நான் இன்னாத்தங்க கண்டேன்? பூவ இப்பத்தானே பாக்கறேன்." முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "ஜல்தி எழுந்திருங்க, போட்டோக்காரரு கூப்புடறாரு. மூஞ்ச கொஞ்சம் சிரிச்சாப்ல வைங்க."