வெளியே தாழ்ப்பாள்

புயல் வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்போதுதான், கடிகாரம் பழுதுபார்ப்பவர் அந்தக் கோளாறைக் கவனித்தார். 'புயல் தாங்கும் வீடு' திட்டத்தின் அரசு மானியத்தில் அன்று காலை மாட்டிய இரும்புக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. வெளிப்பக்கம் மட்டும், கைப்பருமனில் மூன்று.

"யாராவது ஒருத்தர் வெளியே நின்னுதான் சாத்தணும் போலிருக்கு" என்றார்.

"அதை ஏன் என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்றீங்க?" என்றாள் மனைவி.

மானிய அலுவலகத்துக்குப் போன் போட்டார். "புயல் போனப்புறம் மனு குடுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

காற்று ஊளையிடத் தொடங்கியது. கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டது. கைப்பிடியில் கயிறு கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் இறுக்கி, கனத்துக்கு மனைவியைக் கட்டிலில் உட்கார வைத்தார். அடுத்த வீச்சில் கதவு வெளியே பாய, கட்டில் அவளோடு வாசல்வரை போய் நின்றது.

"இறங்கட்டுமா, இல்ல தெருமுனைவரை போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டாள் அவள்.

எதிர்வீட்டு லாரி டிரைவர் மூட்டை முடிச்சோடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டுப் போங்க. காத்து நின்னதும் வந்து திறந்துவிட்டாப் போதும்."

"அதுக்கென்ன தம்பி." மூன்றையும் இழுத்துப் போட்டார். "மச்சான் வீட்டுக்குப் போறோம். நாலு நாள்ல வந்துடுவேன்."

நாலு நாளா? கடிகாரக்காரர் கதவில் மோதிக் கத்தினார். லாரி போய்விட்டது. ஜன்னல்களுக்கும் அதே மானியத்தில் இரும்புத் தகடு அடித்தாயிற்று. மின்சாரம் போனது. போனும் செத்தது. கூரை கிடுகிடுக்க, இருவரும் கட்டிலுக்கடியில் கைகோத்துக் கிடந்தார்கள்.

"நம்மளை யாரு திறந்துவிடுவா?" என்றாள்.

மாலையில் காற்று ஓய்ந்தது. கை வீங்கும்வரை கதவைத் தட்டினார். கடைசியில் வெளியே காலடிச் சத்தம்.

"யாருங்க அது?"

"நான்தாங்க, காலையில கதவு மாட்டின வெல்டர்."

"தெய்வமா வந்தேப்பா. சீக்கிரம் திறந்துவிடு."

தாழ்ப்பாள் அசையவில்லை. வெல்டரின் குரல் மட்டும் கதவிடுக்கில் கிசுகிசுத்தது.

"சத்தம் போடாதீங்கய்யா. சரக்கு மாறிப்போச்சு. இது ஜெயிலுக்குப் போக வேண்டிய கதவு, உங்க கதவை அங்கே மாட்டிட்டோம். உள்ளே இருந்தவங்க மத்தியானமே உள்பக்கத் தாழ்ப்பாளை நீக்கிட்டுக் கிளம்பிட்டாங்களாம், இந்தப் பக்கமாத்தான்."