விசா வரும் பின்னே, விருந்து வரும் முன்னே

ஊரில் இருப்பவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள் என்று மனிதர்களில் இரண்டே ரகம்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அதை உடனே திருத்திக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. போகப் போகிறவர். உடம்பு இங்கே இருக்கும், செருப்பு இங்கே தேயும், ரேஷன் சர்க்கரைகூட இந்த ஊர்க் கடையில்தான் வரிசையில் நின்று வாங்குவார். ஆனால் ஆள் போய்க்கொண்டிருப்பார். எங்கே? வெளிநாட்டுக்கு. எதற்கு? மிச்சமிருக்கிற காலத்தை நிம்மதியாகக் கழிக்க. எப்போது? அதென்ன கேள்வி, விசா வந்த மறுநாள்!

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். கொசு கடித்தால் நாம் அடிப்போம். இவர் அடிக்க மாட்டார். "அங்கல்லாம் கொசுவே கிடையாதுவே" என்று அதைப் பரிதாபமாகப் பார்ப்பார். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு ஊரே திரண்டு நகராட்சிக்கு மனு எழுதினால், "நான் எதுக்கு? ரெண்டு மாசத்துல போறவன்" என்று பேனாவை அடுத்த ஆளிடம் கொடுத்துவிடுவார். இடது கையில் ஒரு கடிகாரம், வலது கையில் ஒரு கடிகாரம். இடது கையில் நம் ஊர் நேரம், வலது கையில் அந்த ஊர் நேரம். பஸ்ஸுக்கு நிற்கிறவன் பாவம் மணி என்ன என்று கேட்டுவிட்டால், இரண்டையும் சொல்லி, கழித்துக் காட்டி, "இப்ப அங்கன எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருப்பாவ" என்று சேர்த்துச் சொல்வார். அதற்குள் புளியங்குடி பஸ் போயிருக்கும்.

சங்கரன்கோவிலில் இந்த ரகத்துக்குச் சொக்கத் தங்கமாக ஓர் உதாரணம் இருக்கிறார். சங்கரபாண்டி. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் உத்தியோகம் பார்த்து, சூப்பிரண்டாக மாலை வாங்கி ஓய்வு பெற்றவர். மாலை வாங்கின மறுநாள் காலையில் வழக்கம்போல டீக்கடைக்குப் போனார். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார். அந்த மாதமே மனைவி வள்ளித்தாயைக் கூட்டிக்கொண்டு ஐந்து நாள் சுற்றுலாவாக ஒரு தீவுக்குப் போனார். தீவின் பெயரைச் சொல்வதாக இல்லை. சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு வெப்சைட்டைத் திறந்துவிடுவீர்கள். அங்கே ஓட்டலில் வேலை பார்க்கிற பையன் அவரைப் பார்த்துக் கை கூப்பி, இடுப்பு வரைக்கும் குனிந்து கும்பிட்டான். சங்கரபாண்டி அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

ஓய்வு பெற்றவர்களுக்கென்றே அந்தத் தீவில் தனி விசா உண்டு. ஊருக்கு வந்ததும் நேரே பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கும் ரிஸ்வான் அகமதிடம் போனார். ரிஸ்வானுக்குக் கடையநல்லூர். அரைவாசி ஜில்லாவை வளைகுடாவுக்கு ஏற்றி அனுப்பிய கைராசிக்காரர். அவரே கொஞ்சம் திணறிவிட்டார்.

"அண்ணாச்சி, நானும் இருவது வருசமா விசா எடுக்கேன். எல்லாம் வேலைக்குப் போறவனுக்குத்தான். உழைக்க அங்கன போவான், ஓஞ்சா இங்கன வருவான். ஓஞ்சு போயி அங்கன போறதுக்கு விசா எடுக்கது இதான் முதல் தடவை."

"எடுங்க தம்பி. சரித்திரத்துல உங்க பேரு நிக்கும்."

சரித்திரம் பேப்பர் பேப்பராக வந்தது. பென்ஷன் வருகிறது என்பதற்கு ஒரு பேப்பர், அது நிற்காது என்பதற்கு ஒரு பேப்பர். யானைக்கால் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டுமாம். சங்கரபாண்டி ஆஸ்பத்திரியில் வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்ட, டாக்டர் இரண்டு காலையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் ரத வீதியில் அவர் நடந்த நடை இருக்கிறதே, காலுக்கே பட்டம் வாங்கின நடை. அடுத்தது போலீஸ் நன்னடத்தைச் சான்று. ஸ்டேஷனில் ஏட்டையா படிவத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எதுக்குப் போறிய? வேலைக்கா?"

"இல்ல, சும்மா இருக்க."

"சும்மா இருக்கதுக்கா? அதைத்தானே இங்கனயும் செய்யுதிய!"

இது போகட்டும். இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. நம் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் சொந்தக்காரர்கள் அவரைச் சும்மா அனுப்ப மாட்டார்கள். வீட்டுக்கு வீடு விருந்து வைத்துத்தான் அனுப்புவார்கள். விசா வந்து, டிக்கெட் எடுத்து, அதற்குப் பிறகு விருந்து என்பதுதான் முறை. விவரமான ஆட்கள் அதற்கு முன்னால் வாயைத் திறக்க மாட்டார்கள். சங்கரபாண்டியோ யானைக்கால் சர்டிபிகேட் வந்த அன்றைக்கே தம்பட்டம் அடித்துவிட்டார். மேலநீலிதநல்லூரில் மச்சினன் துரைப்பாண்டி கிடாய் வெட்டினான். அவன் வெட்டிவிட்டான் என்று தெரிந்ததும் இளையரசனேந்தல் காசி நாலு நாட்டுக்கோழி அடித்தார். காசி அடித்த பிறகு மற்றவர்கள் சும்மா இருந்தால் மானம் என்ன ஆவது? மொத்தம் பதினோரு வீடு. வீட்டுக்கு ஒரு வேட்டி சேலை, கூடவே "அங்கன கிடைக்காது" என்று கையில் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய். ஒவ்வொரு வீட்டிலும் வாசல் வரை வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று வழியனுப்பினார்கள். அவரும் பதினோரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். தின்ற சோற்றைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? இனி மனிதர் போயே ஆக வேண்டும். போகாவிட்டால், ஓசிச் சோற்றுக்குப் போட்ட வேஷம் என்று மேலநீலிதநல்லூரிலிருந்து இளையரசனேந்தல் வரைக்கும் ஊர் சிரிக்கும். சூப்பிரண்டாக இருந்தவருக்கு அதைவிடப் பெரிய கேடு வேறு என்ன இருக்கிறது?

பதினோராவது விருந்து செரிப்பதற்குள் ரிஸ்வான் போன் செய்தார்.

"அண்ணாச்சி, மதினியும் கூட வாறதுனால கல்யாணம் ஆனதுக்கு அத்தாட்சி வேணுங்கான்."

"அத்தாட்சியா? எண்ணூறு பேரு வந்து சாப்பிட்டுப் போனாம்லா!"

"சாப்பிட்டவன் சாட்சி அங்கன செல்லாதாம். சர்டிபிகேட்டு வேணுமாம்."

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் கல்யாணத்தை யார் போய்ப் பதிந்தார்கள்? தாலி கட்டினால் கல்யாணம், அவ்வளவுதான். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, மஞ்சள் தடவிய பழைய பத்திரிகையையும், மாப்பிள்ளை கண்ணை மூடியிருக்கும் ஒரே போட்டோவையும் தேடி எடுத்து, துரைப்பாண்டியையும் காசியையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு, பதிவு ஆபீசுக்குப் போனார்கள். "இன்னும் கிளம்பலையா?" என்று சாட்சிகள் இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். "இன்னைக்கு இது முடிஞ்சா அடுத்த வாரமே பிளேனு" என்று அடித்துவிட்டார் சங்கரபாண்டி.

ஆபீசில் இருந்தவர் சண்முகசுந்தரி என்ற இளவயது அதிகாரி. பத்திரிகையைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை வள்ளித்தாய் பக்கம் நகர்த்தினார்.

"அம்மா, இந்தக் கல்யாணத்துல உங்களுக்குச் சம்மதம்தானே? இங்க கையெழுத்துப் போடுங்க."

விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் வள்ளித்தாய் பேனாவை எடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். தாளைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"இந்தக் கேள்விய யாராவது கேக்கதுக்கு முப்பத்தாறு வருசம் ஆயிருக்கு தாயி. யோசிச்சுச் சொல்லுதேன்."

"ஏட்டி, என்ன விளையாட்டு இது?" என்று சங்கரபாண்டி பதற, "நிதானமா யோசிங்கம்மா, அடுத்த திங்கக்கிழமை வாங்க" என்று அதிகாரி ஃபைலை மூடிவிட்டார். துரைப்பாண்டி அக்காளைக் கண்டிப்பான் என்று பார்த்தால், வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அந்த வாரம் சங்கரபாண்டி பட்ட பாடு எதிரிக்கும் வரக் கூடாது. கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகக் காப்பி போட்டார். அது காப்பி இல்லை என்று தெரிந்து கீழே கொட்டிவிட்டு மறுபடி போட்டார். மல்லிகைப் பூ வாங்கி வந்தார். வள்ளித்தாய் காப்பியைக் குடித்தார், பூவைத் தலையில் வைத்துக்கொண்டார், பதிலைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். விருந்து வைத்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று சங்கரபாண்டி பெரிய தெருவை விட்டுவிட்டுச் சந்துகளிலேயே நடந்தார். வியாழக்கிழமை ஒரு சந்து அவர் காலை வாரிவிட்டது. அது முடிகிற இடத்தில் எதிரே மூக்காண்டி நின்றான். பதினோரு வீட்டில் அவன் எட்டாவது வீடு.

"அண்ணாச்சி! எப்ப வந்திய?"

வீட்டுக்கு ஒருவர் சவூதியிலோ துபாயிலோ இருக்கிற பக்கம் இது. போனதாகச் சொல்லப்பட்ட ஆளைக் கண்டால் ஜனங்கள் கேட்கிற கேள்வி இரண்டுதான். எப்ப வந்திய, எப்பப் போறிய? பெற்ற தகப்பனே வந்து நின்றாலும் இதைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுவார்கள். இன்னும் போகவே இல்லை என்று சொல்ல சங்கரபாண்டி வாயைத் திறந்தார். வயிற்றுக்குள்ளிருந்து மூக்காண்டி வீட்டு விரால் மீன் குழம்பு எட்டிப் பார்த்தது.

"முந்தாநாத்து" என்றார்.

"அதானே பாத்தேன், ஆளு நல்லா வெளுத்திருக்கிய! கோடாலித் தைலம் கொண்டாந்தியளா?"

"கொண்டாராம இருப்பனா? வீட்டுல இருக்கு. தாரேன்."

அடுத்த பஸ்ஸில் ஏறிக் கடையநல்லூருக்குப் போனார். வெளிநாட்டுச் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடை. மைமூனம்மாள் என்கிற வயதான அம்மா கல்லாவில் இருந்தார். கோடாலித் தைலம் இரண்டு டஜன், சோப்பு, சாக்லேட் டப்பா என்று இவர் இழுக்க, அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை.

"எந்த நாட்டுல இருந்து வந்த மாதிரி வேணும் வாப்பா? சவூதியா, மலேசியாவா? அதுக்குத் தக்கன கட்டித் தாரேன்."

பார்த்தீர்களா? சங்கரபாண்டி தனி ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து பையை இறக்கினதும் வள்ளித்தாய் அதை அவிழ்த்துப் பார்த்தார். இருபத்து நாலு தைலத்தையும் தரையில் வரிசையாக வைத்துவிட்டு, முந்தானையைச் சொருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இவர் மூக்காண்டி கதையைச் சொன்னார். பாதியில் வள்ளித்தாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது கிடக்கட்டும். நெசத்தச் சொல்லுங்க. அங்கன போயி என்ன செய்யப் போறிய?"

கடல், காத்து, கொசு இல்லாமை என்று மனப்பாடமான பதில் இருந்தது. ஆனால் அன்றைக்கு அது வரவில்லை.

"தெரியல வள்ளி. ரிட்டயர்டான மறுநாள்ல இருந்து ஒரு பய என்கிட்ட ஒண்ணும் கேக்கல. செத்தவன் மாதிரி தாண்டிப் போறான். போகப்போறேன்னு சொன்ன பிறவுதான் நாலு பேரு நின்னு, எப்ப போறிய, எப்படிப் போறியன்னு கேக்கான்."

சொல்லிவிட்டு ஒரு தைலப் பாட்டிலை எடுத்து அதன் மூடியைத் திருகினார். கேலி பண்ணத்தான் இந்த மனிதரைப் பிடித்துக்கொண்டு வந்தோம் என்றாலும், இந்த இடத்தில் சிரிக்க வரவில்லை. வள்ளித்தாய்க்கும் வரவில்லை. தைலப் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அந்த நாலு பேரு கேக்கதுக்கு எதுக்குங்க கடலைத் தாண்டணும்? வந்தாச்சுன்னு மூக்காண்டிகிட்ட சொல்லியாச்சு. இன்னைக்கு ராவுக்குள்ள ஊரு பூராம் பரப்பியிருப்பான். லீவுல வந்திருக்கோம்னு சொல்லுங்க."

"லீவுலயா? யாராவது எத்தனை நாள் லீவுன்னு கேட்டா?"

"நமக்கு யாரு முதலாளி? நீட்டிக்கிடுவோம்."

சங்கரபாண்டி வள்ளித்தாயை வாய் பிளந்து பார்த்தார். முப்பத்து நாலு வருஷம் உத்தியோகம் பார்த்துச் சூப்பிரண்டான மூளைக்கு எட்டாதது, சமையல்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்த மூளைக்கு ஒரு நொடியில் எட்டிவிட்டது. எழுந்து போய், கேட்காமலேயே இரண்டு காப்பி போட்டார். இந்தத் தடவை அது காப்பியாகவே வந்துவிட்டது.

திங்கட்கிழமை வள்ளித்தாய் கையெழுத்துப் போட்டார். "சம்மதம் தாயி. கிறுக்குதான். ஆனா கேட்டா நெசத்தச் சொல்லிருதாவ" என்றார். சண்முகசுந்தரி இருவருக்கும் வாழ்த்துச் சொல்லிச் சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்தார். விண்ணப்பத்தை எப்போது அனுப்பலாம் என்று ரிஸ்வான் இரண்டு தடவை போன் பண்ணினார். "லீவு முடியட்டும் தம்பி" என்று பதில் வந்ததும், பாவம், அந்தப் பெரிய அனுபவசாலி போனைக் காதிலிருந்து எடுத்து, நம்பர் சரிதானா என்று பார்த்தார்.

இப்போது சங்கரன்கோவிலில் மிக மரியாதையாக நடத்தப்படும் தம்பதி அவர்கள்தான். லீவில் வந்தவர்களைச் சும்மா விடலாமா? எல்லாம் தெரிந்த துரைப்பாண்டியே, காசியிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டு, இன்னொரு கிடாய் வளர்க்கிறான். ஆடித்தபசுத் திருவிழா வரைக்குமாவது இருந்துவிட்டுப் போகச் சொல்லித் தெருவே கெஞ்சுகிறது. "பாப்போம், அங்கன நிலவரம் எப்படின்னு" என்கிறார் சங்கரபாண்டி, உள்ளே விம்முகிற சந்தோஷத்தை மீசைக்குள் அடக்கிக்கொண்டு.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், உடம்புக்கு நல்லது. அப்படியே இரண்டு கேள்வி, பதில் எனக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது? பீரோவில், மேல் தட்டில், பட்டுச் சேலைக்கு அடியில், இன்னும் நாலு வருஷம் செல்லும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். சரி, பின்வீட்டில் குடியிருக்கிறாரே, அவர் பெயர் என்ன? ஏன் விழிக்கிறீர்கள்? அவசரமில்லை, விசாரித்தே சொல்லுங்கள். லீவு முடிய இன்னும் நாள் இருக்கிறதல்லவா?